42 குதிரைத்திறனும் ஏழு கருவிகளும்: பத்து ஆண்டு உழவு அனுபவம்

என்னிடம் இருப்பது 42 குதிரைத்திறன் டிராக்டர். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வகை. எடை 1,900 கிலோ, பின் டயர் 13.6-28. பத்து ஆண்டுகளாக இதே வண்டி, இதே 12 ஏக்கர். நிலத்தில் பாதி களிமண், கால் பங்கு வண்டல், மீதி சரளை. வண்டியை மாற்றவே இல்லை. பின்னால் மாட்டியவைதான் மாறிக்கொண்டிருந்தன. ஏழு கருவிகள் வாங்கி இரண்டை விற்றிருக்கிறேன். விற்ற இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் என் வண்டிக்கும் என் மண்ணுக்கும் அவை பொருந்தவில்லை.

முதலில் விற்றது, சுழலும் கத்திகளால் மண்ணை வெட்டிப் பொடியாக்கும் ஆறடி ரோட்டவேட்டர். அதை வாங்கியதற்கு நியாயமான காரணம் இருந்தது. என் வண்டியில் பின்சக்கரங்களின் மையத்துக்கு மையம் 135 செ.மீ. டயரின் அகலத்தையும் சேர்த்தால் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 170 செ.மீ. வரும். ஆறடிக் கருவி 183 செ.மீ. என்பதால் டயர் தடம் முழுவதும் மறைந்துவிடும். ஐந்தடி எடுத்தால் 150 செ.மீ.தான், இரண்டு பக்கமும் தடம் தெரியும். விற்றவர் இதைத்தான் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். அகலத்தை அளந்த நாங்கள் இருவரும் விசையை அளக்கவில்லை.

இன்ஜின் 42 குதிரைத்திறன் என்றாலும், வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது என் வண்டியில் 36தான். பொதுவாகவே இன்ஜின் திறனில் 85 சதவீதம் அளவுக்குத்தான் அங்கே கிடைக்கும். ரோட்டவேட்டருக்கு நடுத்தர மண்ணில் அடிக்கு ஏழு குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டாலும் ஆறடிக்கு 42 வேண்டும். இறுகிய களிமண்ணில் அது ஒன்பது, பத்து என்று ஏறிவிடும். முதல் மழைக்குப் பிறகு களிமண் வயலில் இறக்கினேன். பத்து மீட்டர் போவதற்குள் இன்ஜின் சத்தம் தாழ்ந்து, குழாயில் கரும்புகை வந்தது. மிகக் குறைந்த கியருக்கு வந்தும் பயனில்லை. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால்தான் கத்தி மண்ணை வெட்டும். சுற்று குறைந்ததும் கத்திகள் மண்ணை வெட்டாமல் பிய்த்துப் போட்டன. தேங்காய் அளவுக் கட்டிகள் மிஞ்சின. கடைசியில் ஆழத்தைக் குறைத்து ஆறு செ.மீ.க்கு மேல்தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். அப்படி இரண்டு பருவங்கள் ஓட்டினேன்.

அதே காலத்தில்தான் ஷியர் போல்ட் பாடமும் கிடைத்தது. சுமை மிஞ்சும்போது முதலில் ஒடிய வேண்டும் என்பதற்காகவே தண்டில் வைக்கப்பட்டிருக்கும் மென்மையான போல்ட் அது. ஒரே காலையில் மூன்று முறை ஒடிந்தது. நான்காவது முறை, கையில் கிடைத்த உறுதியான போல்ட்டைப் போட்டு முடுக்கினேன். அது ஒடியவில்லை. அரை மணி நேரத்தில் கியர் பெட்டியிலிருந்து பல் அரைபடும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது பற்சக்கரத்தில் இரண்டு பற்கள் போயிருந்தன. ஷியர் போல்ட் அடிக்கடி ஒடிகிறது என்றால் அகலமோ ஆழமோ ஈரமோ தவறாக இருக்கிறது என்று பொருள். அன்றிலிருந்து அதே அளவு, அதே தரப் போல்ட்டுகள் குறைந்தது பத்து, கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஓடுவது 36 கத்திகள் கொண்ட ஐந்தடி ரோட்டவேட்டர். தடத்தின் சிக்கலை வேறு வழியில் தீர்த்தேன். சட்டத்தில் இணைப்பை நகர்த்தி, கருவியை வலப்பக்கம் 10 செ.மீ. தள்ளி மாட்டினேன். வலது டயரின் தடம் உடனே மறைந்துவிடுகிறது. இடது டயர் உழாத மண்ணின் மீது 20 செ.மீ. வெளியே ஓடுகிறது, அந்தத் தடம் அடுத்த சுற்றில் மறைகிறது. உழாத நிலம் எப்போதும் என் இடப்பக்கம் இருக்கும்படி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். 10 முதல் 12 செ.மீ. ஆழம் தடையின்றிப் போகிறது. ஆறடியில் ஒரு நாள் முழுக்கத் திணறிய பரப்பை ஐந்தடியில் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

ரோட்டவேட்டரிலாவது இன்ஜின் சத்தம் உண்மையைச் சொல்லிவிடும். இழுவைக் கருவிகள் அப்படிச் சொல்வதில்லை. என்னை நீண்ட காலம் ஏமாற்றியது மண்ணைப் புரட்டும் இரண்டு கொழு ரிவர்சிபிள் கலப்பை. வண்டலில் வெண்ணெய் போல் போகும். களிமண்ணில் இன்ஜின் சற்றும் தளராது, ஆனால் வண்டி நகராது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னும் பெரிய வண்டி வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கொழு 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம். இரண்டுக்கும் சேர்த்து வெட்டும் பரப்பு 1,200 சதுர செ.மீ. என் களிமண்ணில் சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ எதிர்ப்பு என்று எடுத்தால் 840 கிலோ இழுவிசை வேண்டும். வண்டலில் அது 0.4 அளவுதான், 480 கிலோ போதும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் 840 கிலோவை இழுக்கத் தேவை 12 குதிரைத்திறன் சொச்சம். என் இன்ஜினில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் உழவு மண்ணில் இவ்வகை வண்டி தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழுத்தாலே நல்ல பிடிப்பு. 1,900 கிலோவுக்கு அது 760. எனக்குக் குறைந்தது எடை என்று அப்போதுதான் விளங்கியது.

சரிபார்க்க ஒரு எளிய சோதனை செய்தேன். டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்து முறை சுற்றும் தூரத்தை வயலிலேயே அளந்தேன். 40 மீட்டர் வந்தது. கலப்பையை இறக்கி உழுதபடி அதே பத்துச் சுற்றில் வந்தது 31 மீட்டர். ஒன்பது மீட்டர் வழுக்கல், அதாவது 22 சதவீதத்துக்கு மேல். உழவில் 8 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இருப்பது நல்லது. அதற்கும் குறைவாக இருந்தால் வண்டி தேவைக்கு மேல் கனம். மேலே போனால் டீசலும் டயரும் மண்ணில் கரைகின்றன.

பின் டயர்களில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பினேன். ஒரு டயருக்கு ஏறக்குறைய 200 கிலோ கூடியது. மீண்டும் அளந்தபோது 35 மீட்டர், வழுக்கல் 12.5 சதவீதம். அதே வண்டி, அதே கலப்பை, அதே வயல். அந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை, ஏனென்றால் புதிய டிராக்டருக்குக் கடன் கேட்பதாக இருந்தேன். விதைப்புக்கு முன் அந்தத் தண்ணீரை இறக்கிவிடுகிறேன். லேசான வேலைக்குக் கனமான வண்டியை ஓட்டினால் மண் இறுகிப்போகும், அதைப் பிளக்க மறுபடியும் உழ வேண்டியிருக்கும்.

இதே இடத்தில், மண்ணின் எதிர்ப்புக்கு ஏற்பக் கருவியைத் தானாக ஏற்றி இறக்கும் டிராஃப்ட் கண்ட்ரோல் நெம்புகோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல ஓட்டுநர்கள் அதைத் தொடுவதே இல்லை, கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலை மட்டும் வைத்தே வாழ்நாள் முழுதும் உழுகிறார்கள். ஹாரி ஃபெர்குசன் 1926இல் காப்புரிமை பெற்ற, கருவியை வண்டியோடு மாட்டும் மூன்று புள்ளி இணைப்பின் உயிரே இதில்தான் இருக்கிறது. மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்கும் விசை, மேல் இணைப்புத் தண்டான டாப் லிங்க் வழியாக, கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்குத் தெரிகிறது. எதிர்ப்பு கூடும்போது கலப்பை இம்மியளவு தூக்கப்பட்டு, அதன் கனமும் மண்ணின் கனமும் பின்சக்கரத்தின் மீது ஏறுகின்றன. தேவையான இடத்தில் தேவையான நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் எடை அது. உழவுக்கு டிராஃப்ட், ரோட்டவேட்டருக்கும் நிலத்தைச் சமன்படுத்தும் பிளேடுக்கும் பொசிஷன் என்று வைத்துக்கொண்ட பிறகு களிமண் வயலில் சால் ஓட்டம் சீரானது.

இரண்டாவதாக விற்றது மூன்று சட்டிக் கலப்பை. சரளை நிலத்துக்கு வாங்கியது. கல்லும் வேரும் உள்ள இடத்தில் கொழு முட்டி நிற்கும், சட்டி உருண்டு ஏறி இறங்கும். அந்த வகையில் தேர்வு சரிதான். ஆனால் சட்டிக் கலப்பை மண்ணில் இறங்குவது தன் கனத்தால். அதனால் அதைக் கனமாகத்தான் செய்வார்கள், என்னுடையது 400 கிலோ. ஹைட்ராலிக் 1,500 கிலோ தூக்கும் என்பதால் இது ஒன்றுமில்லை என்று நினைத்தேன். தூக்கவும் செய்தது. ஆனால் நீளமான கருவி, கனம் வெகு பின்னால் தொங்குகிறது. வரப்பைக் கடக்கும்போது ஸ்டீயரிங் கையில் வெறுமையாகச் சுற்றியது. முன்சக்கரங்கள் தரையைத் தொடவில்லை. எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். கருவி இல்லாமல் 740 கிலோ, தூக்கிய நிலையில் 360. வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் இருக்க வேண்டும், எனக்கு அது 380. முன்னால் எடைக்கட்டிகள் மாட்டிச் சமாளித்திருக்கலாம், சில மாதங்கள் மாட்டியும் ஓட்டினேன். ஆனால் சரளையில் மூன்று சட்டியை இழுக்கவும் வண்டி திணறியதால் இரண்டு சட்டிக்கு மாறிவிட்டேன். பட்டியலில் போட்டிருக்கும் தூக்கும் திறன், கீழ்க் கைகளின் முனையில் அளந்ததா, அதற்கு 610 மி.மீ. பின்னால் அளந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் போகப் போக அந்த எண் இறங்கும்.

ஒன்பது கொத்துக் கலப்பையைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தைகள்தான் உண்டு. வண்டலில் ஒன்பது கொத்தும் போகும். காய்ந்த களிமண்ணில் இரண்டு ஓரக் கொத்துகளைக் கழற்றிவிட்டு ஏழாக ஓட்டுகிறேன். கழற்ற இருபது நிமிடம் போதும். ஏழு கொத்துக் கலப்பை தனியாக வாங்கத் தேவையே இல்லை. மாட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சமதளத்தில் இறக்கிப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் சட்டம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்வரிசை மூழ்கிப் பின்வரிசை மிதந்தால் டாப் லிங்க்கை நீட்ட வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று திருகினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

களை எடுக்க இடையுழவு ஓட்டுவதில் மட்டும் இந்த வண்டி எனக்குத் தோற்றது. வரிசைக்கு வரிசை 45 செ.மீ. விட்டு விதைத்தால் 135 செ.மீ. சக்கர இடைவெளி மூன்று வரிசைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்று கணக்குச் சொன்னது. பொருந்தவும் செய்தது. ஆனால் டயரின் அகலமே 34 செ.மீ.க்கு மேல். இரண்டு பக்கமும் ஐந்து செ.மீ.தான் மிச்சம், ஒரு சிறு வளைவில் பயிர் மடிந்தது. வரிசையை 60 செ.மீ. ஆக்கி, ரிம்மைத் திருப்பிப் போட்டுச் சக்கரத்தை 180 செ.மீ.க்கு விரித்த பிறகுதான் ஓட்ட முடிந்தது. நெருக்கமான வரிசைப் பயிர் மட்டுமே செய்பவருக்கு, ஒடுங்கிய டயர் கொண்ட 25 குதிரைத்திறன் வண்டியும் ஐந்து கொத்தும் என் வண்டியைவிட மேல். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

பிளேடைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டயர் தடத்தை மறைக்கும் அகலம் இருந்தால் போதும், எந்த வண்டிக்கும் பொருந்தும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகள். ஒரு முறை வேர்க்கட்டையை இழுக்கச் சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினேன். கிளட்ச்சை விட்டதும் மூக்கு வானத்தைப் பார்த்தது. கால் தானாகக் கிளட்ச்சை மிதித்ததால் பிழைத்தேன். இழுவை என்றால் பின்னால் கீழே உள்ள இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டுமே கட்டுங்கள், அச்சுக்கு மேலே எங்கே கட்டினாலும் வண்டி பின்னால் கவிழும். அடுத்தது பி.டி.ஓ. தண்டின் உறை. 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. உறை உடைந்த தண்டை இரவல் வாங்கி ஓட்டாதீர்கள்.

உளிக் கலப்பையை நான் வாங்கவில்லை. ரோட்டவேட்டரே ஓட்டிவந்தால் கத்தி எட்டும் ஆழத்துக்குக் கீழே மண் தகடு போல் இறுகிவிடுகிறது. என் வயலில் இரும்புக் கம்பியை ஊன்றிப் பார்த்தால் 15 செ.மீ.க்கு மேல் இறங்க மறுத்தது. அதைப் பிளக்க 40 செ.மீ. ஆழம் போகும் உளிக் கலப்பை வேண்டும், ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். வாடகைக்கு எடுத்து, டயரில் தண்ணீர் நிரப்பி, ஒற்றை உளியை மட்டும் மாட்டி ஓட்டுகிறேன். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் வெடித்துப் பிளக்கும், ஈரத்தில் வெறும் கோடுதான் விழும். மற்ற உழவுக்கு நேர் எதிர். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பேன். உருண்டை உதிர்ந்தால் மற்றக் கருவிகளுக்குப் பதம், தட்டையாக அப்பிக்கொண்டால் இரண்டு நாள் பொறுப்பேன். உருட்டவே வராமல் கட்டியாக நின்றால் உளிக் கலப்பைக்குச் சொல்லி அனுப்புவேன்.