ஆத்தங்குடிக் கல்லும் கூட்டு ஆராய்ச்சியும்: மூன்று வழி, ஒரு முடிவு

கண்ணாடிமேல் ஊற்றிச் செய்கிற சிமென்ட் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களுக்குத் தீராத தொல்லை உப்புப் பூப்பது. சிமென்ட் இறுகும்போது பிரிகிற சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே ஏறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். சிவப்பு, கறுப்புக் கல்லில் பளிச்சென்று தெரியும். வீட்டுக்காரர் உடனே போன் போடுவார். இதற்கொரு கலவை தேட மூன்று வழி இருந்தது. நாமே பார்க்கலாம், ஆய்வுக்கூடத்துக்குப் பணம் கட்டலாம், நிறப்பொடி தருகிற கம்பெனியோடு சேர்ந்து செய்யலாம். நாங்கள் எடுத்தது மூன்றாவது. என் பேச்சும் அந்தப் பக்கம்தான் சாயும்.

தனியாகச் செய்தால் ரகசியம் பட்டறையைத் தாண்டாது. ஆனால் செலவு, கருவி, ஆள் எல்லாம் நம் தலையில். ஆய்வுக்கூடம் என்றாலே இங்கே காரைக்குடி சிக்ரியை, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத்தான் கைகாட்டுவார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட இடம். அவர்கள் பலம் பேட்டரி, துரு, முலாம். நம் தொல்லை வேறு ரகம்.

கூட்டு என்றால் செலவும் நஷ்டமும் பங்கு என்பது தெரிந்த கதை. 1987இல் அமெரிக்காவில் சிப் கம்பெனிகள், சந்தையில் மோதிக்கொண்டே, ஜப்பானைச் சமாளிக்க செமாடெக் என்ற கூட்டு ஆராய்ச்சி அமைப்பில் கைகோத்ததும் அதற்குத்தான். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பொடிக்காரருக்குப் பொடி தெரியும், நமக்குக் கண்ணாடியில் ஊற்றுகிற பக்குவம் தெரியும். அவர்கள் சோதனையில் தேறிய ஒரு கலவையை இங்கே ஊற்றி அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிட்டன. "தண்ணி கூடிப்போச்சுண்ணே" என்றார் ஊற்றியவர். அடுத்த கலவை அதைக் கேட்டுத்தான் மாறியது.

சரி, கிடைத்தது யாருக்குச் சொந்தம்? இழுபறியெல்லாம் இங்கேதான். கூட்டாகக் காப்புரிமை எடுத்து, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி கூட்டாளிகளுக்குச் சம பங்கு. ஒருவர் இன்னொருவருக்குக் கணக்குச் சொல்லாமலே பயன்படுத்தலாம். வெளியாருக்கு உரிமம் தரவோ தன் பங்கை எழுதிக்கொடுக்கவோதான் மற்றவர் சம்மதம் வேண்டும். நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பொடிக்காரர் பயன்படுத்துவது என்றால் பொடி விற்பது. பக்கத்துப் பட்டறை அதை வாங்கினால் நாம் தடுக்க முடியாது. அதனால் கையெழுத்துக்கு முன்பே பிரித்து எழுதினோம்: தரைக்கல்லுக்கு எங்களுக்கு மட்டும், பெயின்ட்டும் பேவர் பிளாக்கும் அவர்களுக்கு. மாதிரிக் கல் ஊற்றியதைவிட இந்த ஒரு பத்திக்குத்தான் அதிகம் பேசினோம்.

வளவுக்குள், கூரைக்குக் கீழே போட்ட கல் இதுவரை சுத்தமாக நிற்கிறது. மழை நேராக விழுகிற முற்றத்துக்கு எப்படி என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. முற்றத்துக்குக் கேட்பவர்களுக்கு இன்னும் பழைய கலவையில்தான் போட்டுத் தருகிறோம்.