ஆலம்பாடி சினை ஊசி: எங்கள் பக்கத்து மருந்தகத்தில் எப்படி?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் பலர் கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் ஆலம்பாடி இனக் காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டு, மாடு நல்லபடியாகக் கிடேரி ஈன்றது. நல்ல சேவை, தாராளமாகப் போங்கள். ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும், கேட்காமல் நின்றால் ஜெர்சி குச்சிதான் (உறைய வைத்த விந்து அடைத்த சின்னக் குழாய்) வரும்.

ஏன் ஆலம்பாடி என்றால், அது தர்மபுரி சீமை மாடு, நம் வெயிலும் காய்ந்த தட்டும் அதற்குப் பழக்கம், எருது விடும் விழாவில் அது ஓடுவதை நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டிராக்டர் வந்ததும் உழவுக்கு வேண்டாம், பாலும் குறைவு என்று பொய்கை சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றே இனத்தைக் கரைத்துவிட்டோம். ஊருக்குள் பொலிகாளை கிடையாது. விழாவுக்குக் காளை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பசுவோடு சேர விடுவதில்லை. அப்புறம் கன்று எங்கிருந்து வரும்?

அதனால்தான் இந்தக் குச்சி முக்கியம். காளையிடம் எடுத்த விந்தைச் சோதித்து, முட்டை மஞ்சள் கரு, கிளிசரால் சேர்ந்த கரைசலில் கலந்து, 0.25 மில்லி குச்சிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். ஒரு தடவை எடுத்ததிலேயே சில நூறு குச்சி தேறும். காளை செத்துப் பல வருடம் கழித்தும் அதன் கன்று பிறக்கும். அழிகிற இனத்துக்கு இதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது!

முன்பு வீட்டுக்கு வந்து ஊசி போட்ட ஒருவர் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார், சினை நிற்கவே இல்லை. இங்கே டாக்டர் கேனிலிருந்து இடுக்கியால் எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, பிறகுதான் முனையை வெட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணு செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே செய்தார். அந்தப் பொறுமைக்கே முழு மார்க் கொடுக்கலாம்.

நாட்டு மாடு பருவத்துக்கு வந்தாலும் ஜெர்சி மாதிரி ஊரைக் கூட்டிக் கத்தாது. பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழும்பு (கோழை) தெரிகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை.

குறை என்று பார்த்தால் இருப்புதான். ஆலம்பாடி குச்சி எப்போதும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மாடு பருவத்துக்கு வந்து நிற்கிற அன்றைக்கு "ஸ்டாக் இல்லை" என்றால் இன்னும் 21 நாள் போச்சு. விடுமுறை நாளில் வந்தாலும் இதே கதைதான். ஜெர்சிக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியை நாட்டு இனத்துக்குக் காட்டினால்கூட இந்தப் பிரச்சினை இருக்காது, மேலே இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, குச்சியில் காளை எண் அச்சடித்திருக்கும், அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறக்கிற கிடேரிக்கு அதே காளையின் ஊசி போட்டால் அப்பனுக்கே மகளைச் சேர்த்த மாதிரி ஆகிவிடும், இருக்கிறதே கொஞ்சம் மாடு, அதிலும் ரத்தம் நெருங்கினால் இனம் நோஞ்சானாகிவிடும். எங்கள் கிடேரிக்கு வேறு எண் காளைதான் வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.