பாம்பு வராமலிருக்க: மருந்தா, கம்பிவலையா?

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபம், தொண்டிப் பக்கம் மழை தொடங்கியதும் பலர் பினாயிலும் கார்பாலிக் அமிலமும் வாங்கி வீட்டைச் சுற்றித் தெளிக்கிறார்கள். செலவு குறைவு, வேலையும் சுலபம். ஆனால் அந்த நெடி பாம்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கடற்காற்றில் அதுவும் சீக்கிரம் போய்விடும். கார்பாலிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளும் கோழிகளும் நடமாடும் முற்றத்தில் அதை ஊற்றவே கூடாது.

இடுக்குகளை அடைப்பதற்குப் பணமும் உழைப்பும் கூடுதலாக வேண்டும். பலன் தருவது அதுதான். கதவின் அடிவிளிம்பில் ரப்பர் பட்டை, கழிவுநீர்க் குழாய் வாயிலும் தாழ்ந்த ஜன்னலிலும் 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலை. சாதாரண இரும்பு வலை உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிரும்; நைலானை எலி கடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையே நம் கரைக்கு ஏற்றது. சுவரோரம் குவித்த பனையோலையையும் விறகையும் அகற்றுங்கள். எலியைத் தேடித்தான் பாம்பு வருகிறது.

கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியே தெரியாது. எனவே வலை அடித்த வீட்டிலும் கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிடுங்கள். பாம்பு உள்ளே வந்துவிட்டால் அடிக்காமல் தீயணைப்பு நிலையத்தை 101இல் அழையுங்கள். கடித்துவிட்டால் உடனே 108.