சென்னைக்குக் குடும்பத்தோடு வீடு மாறுகிறீர்களா? மே மாதத்தில் வீடு காட்டுகிறவரிடம் கவனம்

திருநெல்வேலி, மதுரை, திருச்சி பக்கமிருந்து வேலை மாறிச் சென்னைக்கு வருகிறவர்களில் பலர் வீடு தேடுவது ஏப்ரல், மே மாதங்களில்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதற்குள் சாமான்களை இறக்கியாக வேண்டும். சென்னைக்குப் பெருமழை வருவதோ அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஆக நாம் வந்து பார்க்கும்போது ஊர் எலும்பாகக் காய்ந்து கிடக்கும், ஏரிக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். தென்சென்னையில் பல புரோக்கர்களின் பிழைப்பு இந்த நாலைந்து மாத இடைவெளியில்தான் நடக்கிறது. எங்களை ஏமாற்றியவரும் அதை வைத்துத்தான் ஏமாற்றினார். பெயர் போடப்போவதில்லை. அவரை மாதிரி அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்.

2024 மே மாதம். எனக்கு அலுவலகம் பெருங்குடியில். மனைவி, ஆறாம் வகுப்பு போகவேண்டிய மகன், மூட்டுவலியோடு அம்மா. அம்மாவால் படி ஏற முடியாது, அதனால் தரைத்தளம்தான் வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்லிவிட்டேன். வேளச்சேரியில் வாடகை கட்டுப்படியாகவில்லை, மடிப்பாக்கம் பாருங்கள் என்றார் புரோக்கர். நாராயணபுரம் பக்கம் ஒட்டி ஒரு தெரு. இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், புதுப் பெயின்ட் வாசனை. வாடகை 22,000, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை.

"இங்க மழைத் தண்ணி நிக்குமா?" என்று நான் கேட்டேன். அம்மாவும் தனியாகக் கேட்டார். "சார், 2015ல மெட்ராஸே முங்குச்சு, இந்தத் தெருவுக்கு ஒரு சொட்டு வரலை. அப்படி வந்தா நான் ஏன் சார் வயசானவங்களைக் கூட்டிட்டு வரப்போறேன்?" இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

வீட்டில் சில விஷயங்கள் விநோதமாக இருந்தன, ஒவ்வொன்றையும் கேட்டோம், ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு பதில் வைத்திருந்தார். ஹால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. சமையலறையில் சரி, ஹாலில் எதற்கு? குழந்தைகள் சுவரில் கிறுக்கினால் துடைக்க வசதியாம். ஈ.பி. மீட்டர் பெட்டி என் தலைக்கும் மேலே இருந்தது. பசங்க கைக்கு எட்டக்கூடாதென்று ஓனர் மாற்றினாராம். கேட்டுக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்குக் குறுக்குச் சுவர், தாண்டித்தான் உள்ளே போக வேண்டும், காரை ஏற்ற இரண்டு பக்கமும் சிமெண்ட் சரிவு. அது பெருச்சாளி வராமல் இருக்கவாம்! இரண்டு படுக்கையறையிலும் பரணுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உள்ளூர்க்காரர் எவருக்கும் ஒரு நொடியில் புரிந்துவிடும். தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவனுக்கு ஆற்று வெள்ளம் தெரியும், சாக்கடை வழியாக வீட்டுக்குள் ஏறிவரும் வெள்ளம் தெரியாது, அந்த ஆளும் அதைத் தெரிந்துதான் பேசினார்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தார். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சிரித்துக்கொண்டே அவர் பக்கம் போகப் பார்த்தபோது, "மேடம், அந்தம்மா கொஞ்சம் ஒருமாதிரி, பேச்சு கொடுக்காதீங்க, அப்புறம் தினமும் சண்டைதான்" என்று காதில் ஓதினார். வீடு பார்த்த நேரம் முழுக்க எங்களை விட்டு நகரவேயில்லை. தெருமுனையில் அயர்ன் வண்டிக்காரர் இருந்தார், டீக்கடை இருந்தது, இரண்டையும் காரில் கண்ணாடி ஏற்றியபடிதான் கடந்தோம். "ஐ.டி. கம்பெனி பார்ட்டி ஒண்ணு நாளைக்கு டோக்கன் போடுது" என்ற வழக்கமான அவசரமும் உண்டு.

அக்டோபர் 15, 2024 அன்று மழை. முந்தின நாளே அலுவலக நண்பர், "காரை எங்க விட்டிருக்கீங்க?" என்று கேட்டார், எனக்குக் கேள்வியே புரியவில்லை. அன்றைக்கு வேளச்சேரி மேம்பாலத்தின் இரண்டு ஓரத்திலும் ஜனங்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். சுற்றுவட்டாரத்துக்கே தெரிந்த விஷயம் அது. எங்கள் வீட்டில் தண்ணீர் முதலில் வந்தது கழிவறை வழியாக. வாசலில் கட்டிய அந்தப் பெருச்சாளிச் சுவர் அதற்கு என்ன செய்யும்? மதியத்துக்குள் ஹாலில் கணுக்கால் அளவு, அதுவும் எந்தத் தண்ணீர் என்று சொல்லத் தேவையில்லை. சம்ப்பில், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில், சாக்கடை கலந்துவிட்டதால் குடிக்கவும் இல்லை, குளிக்கவும் இல்லை. அம்மாவை நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு மாடியில் உட்கார வைத்தது அந்த 'ஒருமாதிரி' அம்மாவும் அவர் மகனும்தான். அவர்தான் சொன்னார்: 2015ல் இந்தத் தெருவில் படகு வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இடுப்பளவு, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தப் புயலோடு காலி செய்தார்கள். "நீங்க பார்க்க வந்தப்பவே சொல்லலாம்னுதான் வாசல்ல நின்னேன், தம்பி. கூட வந்த ஆளு விடலையே."

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நாங்களும் மேம்பாலத்தில் இடம் பிடிக்கப் பழகியிருந்தோம். பொங்கலுக்கு முன்னால் காலி செய்தோம்.

அங்கே ஏன் தண்ணீர் வருகிறது என்பதை எந்த வரைபடத்தைத் திறந்தாலும் பார்க்கலாம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நாராயணபுரம் ஏரிக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், கடைசியாகக் கோவளத்தில் கடல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ல் சேர்த்த அதே சதுப்புநிலம்தான், அதன் பெரும்பகுதி எப்போதோ கட்டடமாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. தண்ணீர் தன் பழைய வழியில்தான் போகிறது, அந்த வழியில் இப்போது நகர்கள் இருக்கின்றன. மடிப்பாக்கம் முழுவதையும் ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளி மேட்டில் இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள், அதனால் 'ஏரியா நல்ல ஏரியா' என்று யாராவது சொன்னால் அது உங்கள் தெருவுக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. தெரு, அதிலும் வீட்டு எண் வரைக்கும் கேட்க வேண்டும்.

பணக் கதை இன்னும் மோசம். ஒன்றரை லட்சத்தில் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தார் ஓனர். பதினொரு மாதம் முடியும் முன் காலி செய்ததற்கு இன்னொரு மாதம். அதற்குமேல், தண்ணீரில் ஊறி உப்பிப்போன அலமாரிப் பலகைகளுக்கும் எங்கள் அட்வான்ஸிலேயே கழித்தார்! உங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளத்துக்கு நான் பணம் கட்டுவதா என்று கேட்டால், "குடியிருந்தது நீங்கதானே?" என்கிறார். மின்சாரம் வேறு, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகையெல்லாம் ஓனர் கணக்கில் போய்விட்டது. 'மெட்ரோ வாட்டர் உண்டு' என்றார்கள், அதாவது மாநகரக் குழாய்த் தண்ணீர், உண்மையில் வந்தது லாரித் தண்ணீர், அதற்கு மெயின்டனன்ஸில் தனிக் கணக்கு.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017ல் ஒரு சட்டம் போட்டு அது 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு இணையதளமும் உண்டு. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. இதைச் சொல்லி நான் கேட்டபோது புரோக்கர் சிரித்தார். "அதெல்லாம் பேப்பர்ல சார், இங்க யாரும் பதியறதில்லை." ஸ்டாம்ப் பேப்பரில் அவரே டைப் செய்து கொண்டுவந்த ஒப்பந்தத்தில் பெயின்டிங் கழிவு, பதினொரு மாத நிபந்தனை எல்லாம் தெளிவாக இருந்தன. வெள்ளம் என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை. பதிவு செய்ய மாட்டேன் என்று ஒரு ஓனர் சொன்னால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வரப்போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். புரோக்கரோடு ஒருமுறை பார்த்தபின், அவருக்குச் சொல்லாமல் தனியாக அதே தெருவுக்குப் போங்கள். அயர்ன்காரரிடமும் தண்ணீர் லாரி டிரைவரிடமும் "2023ல எவ்வளவு தண்ணி?" என்று கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அவ்வளவா வராது" என்பார்கள், ஆண்டைச் சொல்லிக் கேட்டால் காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டிவிடுவார்கள். சுற்றியுள்ள வீடுகளின் மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, புதிதாகக் கட்டுகிறவர்கள் தரையை ரோட்டிலிருந்து எத்தனை அடி தூக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கட்டடம் கட்டுகிறவன் தன் காசைப் போடும் இடத்தில் பொய் சொல்ல மாட்டான். கணினியில் கூகுள் எர்த் திறந்து பழைய படங்களைத் தேதி வாரியாகத் தள்ளிப் பார்த்தால், இன்றைக்கு நகர் என்று பெயர்ப்பலகை இருக்கும் இடத்தில் இருபது வருடம் முன்பு என்ன இருந்தது என்று தெரியும். முடிந்தால் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஒரு மழைக்காலம் மேன்ஷனிலோ பேயிங் கெஸ்ட்டாகவோ இருந்து பாருங்கள். பிள்ளையின் படிப்பு ஒரு வருடம் இழுக்கும் என்பார்கள், இழுக்கட்டும். எங்கள் மகன் அந்த அரையாண்டுத் தேர்வை ஈரப் புத்தகத்தோடுதான் எழுதினான்.

அந்த வீட்டுக்கு இப்போது மறுபடியும் விளம்பரம் ஓடுகிறது. மடிப்பாக்கம், தரைத்தளம், இரண்டு படுக்கையறை, ஹாலில் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ், 'மூத்த குடிமக்களுக்கு ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். வாடகை 24,000.