ஆயிரம் அடுக்குக் கோபுரமும் ராத்திரி மாத்திரையும்

அல்சைமர் என்ற மறதி நோய்க்குச் சீன மூலிகையா, ஆங்கில மருந்தா என்று கேட்பவர்கள், இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

சீனாவில் ‘சியன் செங் தா’ என்று ஒரு செடி உண்டு. ஆயிரம் அடுக்குக் கோபுரம் என்று பொருள். ஒரு சாண் உயரம்தான். தண்டைச் சுற்றி இலைகள் அடுக்கடுக்காக ஏறும். நாட்டு வைத்தியத்தில் இதை அடிபட்ட வீக்கத்துக்குக் கொடுத்தார்கள். 1980களில் சீன விஞ்ஞானிகள் இதிலிருந்து ஹியூபர்சைன் ஏ என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நினைவுக்கு வேண்டிய மூளை ரசாயனமான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆங்கில மருந்தான டோனெபெசில் செய்வதும் அதே வேலைதான்!

அப்புறம் என்ன வித்தியாசம்? அளவும் சோதனையும். டோனெபெசிலை ராத்திரி படுக்கும்போது 5 மில்லிகிராமில் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரம் கழித்து 10 ஆக்குவார்கள். குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றிவிடுவார்கள். நோயை நிறுத்தாது, சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவும் பெரிய சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

ஹியூபர்சைனின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. சீனாவில் அது மருந்து. அமெரிக்காவில் சத்து மாத்திரை வரிசையில் விற்கிறது. சீனாவில் நடந்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் அமெரிக்காவில் 210 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், 200 மைக்ரோகிராம் தினம் இரண்டு வேளை கொடுத்தும், 16 வாரத்தில் வெற்று மாத்திரையைவிட நினைவாற்றல் மேம்படவில்லை.

ஜின்கோ என்ற சீன மரத்துக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. சீன வைத்தியம் இருமலுக்குப் பயன்படுத்தியது அதன் கொட்டையை. இன்று விற்கும் இலைச்சாறு ஜெர்மனியில் உருவானது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3069 பேரில் பாதிப் பேருக்கு அதையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் சுமார் ஆறு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வருவது குறையவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு பயமும் உண்டு.

‘காய் சின் சான்’ தூள் பழைய கூட்டு மருந்து. 7ஆம் நூற்றாண்டு வைத்தியர் சுன் சிமியாவோவின் குறிப்பு. ஜின்செங் வேரோடு நம் வசம்பின் உறவுக்காரச் செடி ஒன்றும் சேரும். படிக்கச் சுவையான சமாச்சாரம், ஆனால் அல்சைமருக்குப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை.

என் ஓட்டு டோனெபெசிலுக்கு. செடியிலிருந்து வந்ததுதான் வேண்டும் என்றால் காலன்டமைன் இருக்கிறது. ஸ்நோட்ராப் என்ற வெள்ளைப் பூச்செடியிலிருந்து பிறந்த ஆங்கில மருந்து அது. டோனெபெசிலோடு ஹியூபர்சைனையும் சேர்த்துப் போடுவது மட்டும் வேண்டாம். ஒரே நொதியை இரண்டு பக்கமும் அமுக்கினால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஹியூபர்சைன் டப்பா இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பையில் எடுத்துப் போங்கள்.