காளான் பை: ஒன்று தேறியது, ஒன்று பச்சை

ஐப்பசி மழையோடு பாளையங்கோட்டை விதைக்கடை ஒன்றில் சிப்பிக் காளான் பை இரண்டு வாங்கினேன். வேகவைத்த வைக்கோலும் சோளத்தில் வளர்த்த வித்தும் அடுக்கடுக்காக. பின்கட்டு இருட்டு மூலையில் தொங்கவிட்டேன்.

பதினைந்து நாளில் ஒரு பை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று அத்தை தூக்கிப்போடப் பார்த்தார்கள். "அத்தை, அதுதான் காளானே!" என்றேன். நாம் பறிக்கும் குடை வித்து தூவ மட்டும் வருவது; உடம்பு இந்த வெள்ளை நூலிழைகள்தான். பச்சையம் கிடையாது, அதனால் நொதியை வெளியே கக்கி, வைக்கோலைக் கரைத்து உறிஞ்சுகிறது. வைக்கோலை விறைப்பாக்கும், மாட்டுக்கே செரிக்காத லிக்னின் என்ற பொருளைக்கூட விடுவதில்லை.

கீறிவிட்ட இடத்தில் குண்டூசித் தலை மாதிரி மொட்டு வந்தது. நாலாம் நாள் சொதியில் போடுமளவு கொத்து. பிள்ளைகள் கறி என்றே நினைத்துச் சாப்பிட்டார்கள்!

அடுத்த பையில் பச்சைத் திட்டு. டிரைக்கோடெர்மா, அதுவும் பூஞ்சைதான். வாழை வேரழுகலுக்கு நாம் காசு கொடுத்து வாங்குவது, இங்கே காளானைத் தின்கிறது. வைக்கோல் சரியாக வேகவில்லை என்று நினைக்கிறேன். கடைக்காரர் "வெயிலுக்கு அப்படித்தான்க்கா" என்றார். அடைமழையில் என்ன வெயில்? மாற்றித் தரவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. சித்திரையில் வாங்காதீர்கள், வெந்துவிடும். தீர்ந்த வைக்கோல் இப்போது முருங்கை மூட்டில் கிடக்கிறது.