ஓடுபாதைக்குப் பக்கத்தில் காற்றாலை: எந்த நாட்டு விதி உதவும்?

ரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் என் மருமகன் போன கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பேச்சு மன்னார்க் காற்றாலைகள் பக்கம் போனது. பறவை, மீன்பிடி, கரண்ட் விலை எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, "மாமா, அந்த விசிறிக்குப் பின்னால வாற காத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லையே" என்றான். சுழலும் விசிறியைக் கடந்து வரும் காற்று கலங்கித்தான் வரும், சின்ன விமானத்தை அது ஆட்டிப்போடும். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு நாடும் தன் சின்ன ஓடுபாதைகளை எப்படிக் காக்கிறது என்று தேடி வாசித்தேன்.

அடிப்படை, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் விமான நிலையங்களைப் பற்றிய 14ஆம் இணைப்பு. ஓடுபாதையைச் சுற்றி வானத்தில் ஒரு கிண்ணம் கவிழ்க்காமல் வைத்ததுபோல் கற்பனை செய்யுங்கள், அந்தக் கிண்ணத்துக்குள் எதுவும் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. பெரிய ஓடுபாதைக்குக் கிண்ணத்தின் அடித்தட்டு மட்டுமே 4 கி.மீ. ஆரம். ஆனால் 800 மீட்டருக்குக் குறைந்த ஓடுபாதைக்கு அது 2 கி.மீ., அதற்கு மேல் சரிவாக ஏறும் விளிம்பு இன்னும் 700 மீட்டர். அவ்வளவுதான். அதாவது 150 மீட்டர் உயரக் காற்றாலை ஒன்றை, விமானம் இறங்கிவரும் நேர்கோட்டிலேயே 2.8 கி.மீ. தள்ளி நட்டாலும் கிண்ணத்தில் படாது. விசிறியின் விட்டம் 126 மீட்டர் என்று வைப்போம். விட்டத்தின் 16 மடங்கு தூரம் வரைக்கும் கலங்கிய காற்றை உணரலாம் என்று ஆஸ்திரேலிய வழிகாட்டி சொல்கிறது, அது 2 கி.மீ.! காற்றும் அந்தப் பக்கமிருந்து வீசினால், தரையிறங்கப் போகும் செஸ்னா போன்ற சின்ன விமானத்தின் வழியிலேயே அந்தக் கலக்கம் வந்து நிற்கும். உயரத்தை மட்டும் அளக்கும் விதியில் உள்ள ஓட்டை இதுதான்.

அமெரிக்கர்களின் வழி அறிவித்தல். 200 அடிக்கு, அதாவது 61 மீட்டருக்கு, மேல் எதைக் கட்டினாலும் 45 நாள் முன்னதாக விமானத்துறைக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் பார்த்து ஆபத்தா இல்லையா என்று தீர்ப்பெழுதுவார்கள். ஆபத்து என்று எழுதினாலும் கட்டாதே என்று தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, அது உள்ளூர் நிர்வாகத்தின் கையில். தனியார் பயன்பாட்டுக்கு மட்டுமான ஓடுபாதைகளுக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. இன்னொரு கூத்தும் உண்டு. காற்றின் வேகத்தை அளக்க முன்கூட்டியே நடும் மெல்லிய கம்பங்களைச் சரியாக 200 அடிக்குச் சற்றுக் குறைவாக நடுவார்கள். இழுகம்பிகளோடு நிற்கும் அந்தக் கம்பம் வானத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது, வயலுக்கு மருந்தடிக்கும் விமானிகளுக்குக் காற்றாலையை விட இதுதான் பயம்.

பிரிட்டன் 'முதலில் கேள்' என்கிறது. ராடார் உள்ள நிலையத்துக்கு 30 கி.மீ., ராடார் இல்லாத, ஆனால் உரிமம் பெற்ற, 1,100 மீட்டருக்குக் குறையாத ஓடுபாதைக்கு 17 கி.மீ., உரிமமே இல்லாத புல்தரை விமானத் திடலுக்கும் 3 அல்லது 4 கி.மீ. என்று கலந்தாலோசிக்க வேண்டிய தூரங்களை வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள். உரிமமில்லாத திடலின் சொந்தக்காரரும் தன் திடலைச் சுற்றிக் காக்க வேண்டிய எல்லையின் வரைபடத்தை உள்ளூர்த் திட்ட அலுவலகத்தில் கொடுத்துவைக்கலாம். கட்டாயப்படுத்தும் பலம் அதற்கு இல்லை, ஆனால் விண்ணப்பம் வந்த அன்றைக்கே திடல்காரருக்குத் தெரிந்துவிடும். பாதிச் சண்டை இதிலேயே முடிகிறது என்பேன்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனி. அவர்கள் ஓடுபாதையிலிருந்து அளப்பதோடு நிற்பதில்லை, விமானம் சுற்றிவந்து இறங்கும் பாதையிலிருந்தும் அளக்கிறார்கள். ஓடுபாதைக்கு இணையாகப் போகும் பகுதியிலிருந்து 400 மீட்டர், மற்றப் பகுதிகளிலிருந்து 850 மீட்டர். திரும்பும் இடத்திலும் இறங்கும் இடத்திலும்தானே பழகுகிறவன் பாதை விலகுவான், அங்கே கூடுதல் இடம் விட்டிருக்கிறார்கள். மருமகனிடம் சொன்னபோது அவன் முதலில் கேட்டது "850 காணுமா?" என்றுதான். பெரிய விசிறியின் கலங்கிய காற்றுக்குக் காணாது, உண்மை. அதற்கு 16 மடங்குக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சிவப்பு விளக்கும் வெள்ளைப் பெயின்டும் போட்டால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். பகலில் கண்ணால் பார்த்து ஓட்டும் சின்ன விமானத்துக்கு இரவு விளக்கால் என்ன பயன்? காற்றைக் கலக்குவதையும் பெயின்ட் நிறுத்தாது.

நம் கதைக்கு வருவோம். மன்னாரில் 'தம்பபவனி' 30 காற்றாலைகளோடு 2020இல் திறந்தது, பளையிலும் நிற்கின்றன, பூநகரியில் போடவிருந்த அதானி 2025இல் விலகிக்கொண்டாலும் அந்தக் கரையில் வீசும் காற்று விலகவில்லை, வேறு யாராவது வருவார்கள். மட்டக்களப்பு, இரணைமடு, பலாலி என்று ஓடுபாதைகளும் அதே வடக்கு, கிழக்கில்தான். உயரமான கட்டடத்துக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும் என்பது கொழும்பில் மாடி கட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்த உயர அனுமதியோடு, ஒவ்வொரு ஓடுபாதைக்கும் விமானம் சுற்றிவந்து இறங்கும் பாதையின் வரைபடத்தையும் காற்றாலைக்கு இடம் ஒதுக்கும் மேசையில் இப்போதே வைத்துவிட்டால், காணி தேடி வரும் கம்பனி குத்தகைக்குக் கையெழுத்துப் போடமுன்னரே அந்த எல்லைக்கோடு எங்கே என்று பார்த்துவிடும்.